பிப்ரவரி 28: பிள்ளைகளுக்குச் சமையலறைச் சோதனைகள்

எல்லாருக்கும் வணக்கம்.

ஒளிச்சிதறல் பற்றிய ராமன் விளைவை சி.வி. ராமன் 1928-இல் கண்டுபிடித்த நாள்தான் பிப்ரவரி 28, அதனால்தான் அது தேசிய அறிவியல் நாள். அன்று மாலை 4 முதல் 5.30 வரை மொட்டை மாடியில் நம் பிள்ளைகள் (3 முதல் 8-ஆம் வகுப்பு வரை) கையாலேயே சோதனை செய்து பார்க்கப் போகிறார்கள், எதையும் கடையில் கிட்டாக வாங்க வேண்டாம்.

நேற்று வீட்டில் மஞ்சள் கரைத்துத் தடவிக் காயவைத்த காகிதத்தில் சோப்புத் தண்ணீரால் என் மகள் பெயர் எழுதினாள், எழுத்து எழுத்தாகச் சிவந்து வந்தது, எலுமிச்சைச் சாறு பட்டதும் மறுபடி மஞ்சளாகிவிட்டது. குழம்புக் கறையைத் துவைக்கும்போது சிவப்பதும் இதனால்தான் என்று அவளே சொன்னாள்!

கொண்டுவர வேண்டியவை:
1. மஞ்சள் தூள் ஒரு ஸ்பூன், வெள்ளைக் காகிதம் 2.
2. எலுமிச்சை 1. நான்கு பழங்களில் துத்தநாகம் பூசிய ஆணியும் செம்புக் கம்பியும் குத்தி வரிசையாக இணைத்தால் சின்னச் சிவப்பு எல்.இ.டி. மங்கலாக எரியும், ஆணி, கம்பி, எல்.இ.டி. என் பொறுப்பு.
3. செம்பருத்திப் பூ இருப்பவர்கள் நாலைந்து.
4. பழைய சட்டை போட்டு அனுப்புங்கள், கறை நிச்சயம்.

ஆணி குத்திய பழத்தை அப்புறம் ஜூஸ் போடக் கூடாது, துத்தநாகம் சாற்றில் கரைந்திருக்கும். பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

கூட நிற்க மூன்று பெரியவர்கள் வேண்டும். பிள்ளையின் பெயர், வகுப்பு, நீங்கள் வருவீர்களா என்பதை 26-ஆம் தேதி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.