சறுக்குமரத்துக்குக் கீழே பேவர் பிளாக் வேண்டாம்

மாநகராட்சி, நகராட்சிப் பூங்காக்களைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். சிறுவர் பூங்காக்களில் சறுக்குமரம், ஊஞ்சல், ஏணி இவற்றின் கீழே பேவர் பிளாக் பதிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஏற்கெனவே பதித்த இடங்களில், இவற்றைச் சுற்றி மட்டுமாவது கல்லைப் பெயர்த்துவிட்டு மணல் நிரப்புங்கள். காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. பத்தாம் வகுப்பில் நான் நடத்தும் கணத்தாக்குப் பாடம்தான்; விசையை அது செயல்படும் நேரத்தால் பெருக்கினால் வருவது கணத்தாக்கு.

20 கிலோ எடையுள்ள குழந்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து தவறி விழுந்தால், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர் இருக்கும். அந்த வேகத்தில் குழந்தைக்குள்ள உந்தம், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கியது, கீழே இருப்பது மணலா கல்லா என்று பார்த்து மாறாது. இரண்டிலுமே அது முழுதாகத் தீர்ந்தாக வேண்டும். எவ்வளவு நேரத்தில் தீர்கிறது என்பது மட்டும்தான் தரையின் கையில் இருக்கிறது. நேரம் குறையக் குறைய விசை ஏறும்.

மணல் 10 சென்டிமீட்டர் அமுங்கி இடம் கொடுத்தால், குழந்தை நிற்க சுமார் 0.03 நொடி ஆகும். சராசரி விசை, உடல் எடையைப் போல ஏறத்தாழ 20 மடங்கு. கல் அமுங்காது. அங்கே அமுங்குவதெல்லாம் குழந்தையின் தோலும் சதையும் எலும்பும்தான். 1 சென்டிமீட்டருக்குள் உடல் நின்றுவிட்டால் 0.003 நொடி, 200 மடங்கு! கையூன்றி விழுந்தால் அதை மணிக்கட்டு வாங்கும். தலை முதலில் பட்டால் அந்த ஒரு சென்டிமீட்டர்கூடக் கிடைக்காது.

நீளம் தாண்டும் விளையாட்டு வீரருக்கு மணல் குழி இல்லாமல் எந்த மைதானமும் கட்டுவதில்லை. விழத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைக்கு மட்டும் ஏன் கல்?

மழையில் சேறாகாது, பெருக்குவது சுலபம் என்பதால் பேவர் பிளாக் போடுகிறீர்கள். நடைபாதைக்குச் சரி, அங்கே இருக்கட்டும். மணலுக்குப் பராமரிப்பு வேண்டும் என்பதும் உண்மைதான். மழை பெய்து காய்ந்தால் இறுகிவிடும், அடிக்கடி கிளறிவிட வேண்டும். நாய், பூனை அசுத்தம் செய்யும், கண்ணாடித் துண்டு கிடக்கும். இதற்கெல்லாம் ஒரு பணியாளரும் ஒரு வாரியும் போதும். தூசு கலந்த எம்-சாண்ட் மட்டும் வேண்டாம், கெட்டித்துப் போகும். ரப்பர் விரிப்பு போடுவதானால் அதன் தடிமன்தான் முக்கியம். சிமென்ட் தரையில் ஒட்டிய மெல்லிய விரிப்பு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அமுங்க அதில் இடமில்லை.

எவ்வளவு ஆழம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத் திடல் கையேடு, 4 அடி உயரம் வரை விழுவதற்கே 9 அங்குல மணல் கேட்கிறது. சாமான்களைச் சுற்றிக் குறைந்தது 6 அடிக்கு அது பரவியிருக்க வேண்டும் என்கிறது. புல்லையும் வெறும் மண்ணையும்கூட அது பாதுகாப்பான தரையாக ஏற்பதில்லை. நம் பூங்காக்களில் பல சறுக்குமரங்கள் 4 அடியைத் தாண்டியவை. அவற்றுக்கு மணல் மட்டும் போதாது, உயரத்தையும் குறைக்க வேண்டும், அல்லது போதிய தடிமனுள்ள ரப்பர் தரை போட வேண்டும்.

அடுத்த முறை பூங்காவுக்கு மதிப்பீடு போடும்போது, சறுக்குமரத்தின் உயரத்துக்குப் பக்கத்திலேயே அதன் கீழ்த்தரை என்ன, எத்தனை அங்குலம் என்றும் ஒரு வரி எழுதுங்கள். ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்குமுன் அந்த ஆழத்தை அளந்து பாருங்கள்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியை