ஒரு லிட்டர் போதும், மாப்பிள்ளை

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தை மாதம் பதினைந்து நாள் விடுப்பில் வருகிறாய் என்றதும் இங்கே எல்லோருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. வங்கிக்காரன் இப்போதே ஆட்டுக்காலுக்குச் சொல்லிவைத்துவிட்டான். நீ துபாயில் பெட்டி கட்டுவதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் மது கொண்டுவரலாம் என்கிற சுங்க விதியைக் கடைசிச் சொட்டு வரை மதிக்கிறவன் நீ. இந்த முறை ஒரு லிட்டரோடு நிறுத்திக்கொள். அதுவே மிஞ்சும்.

பதறாதே, நான் சாமியாராகிவிடவில்லை. "மாலை போட்டிருக்கிறாயா?" என்று ஆடிட்டர் கேட்டதுபோல் நீயும் கேட்காதே. மாலை போட்டவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. சும்மா "போதும்" என்று சொன்னால்தான் ஊரே நலம் விசாரிக்கிறது.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு அம்மாவை அழகர்கோவிலுக்குக் காரில் அழைத்துப் போனேன். முந்தின இரவு எட்டுக்குத் தொடங்கி, வழக்கம்போல் ஒன்றரைக் குவார்ட்டர். தூங்கி எழுந்து குளித்தாயிற்று, தெளிந்துவிட்டது என்று நினைப்பு. பாதி வழியில் அம்மா, "கண்ணாடியை இறக்கிவிடு, வாடை தாங்கவில்லை" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 60 கிராம். ஒன்றரைக்கு 90. ஈரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும். குளியலும் காபியும் அதை விரட்டி வேலை வாங்க முடியாது. ஆக, எட்டு மணி வரையாவது நான் வண்டியைத் தொட்டிருக்கக் கூடாது. நாம் இருவரும் வேதியியல் படித்தவர்கள் என்பதை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

முதலில் நம் சனிக்கிழமைக் குடிக் கூட்டத்துக்கே முழுக்குப் போட்டேன். மூன்று சனிக்கிழமை வீட்டில் இருந்தேன். உன் தங்கை முதல் வாரம் பாயசம் வைத்தாள். மூன்றாவது வாரம், "நீங்கள் போய்விட்டே வாருங்கள்" என்றாள். அந்த அளவுக்கு எரிந்துவிழுந்திருக்கிறேன்! நான் ஏங்கியது பிராந்திக்கா, இந்தப் பயல்களுக்கா என்று அப்போதுதான் பிடிபட்டது.

திரும்பப் போனேன், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு. பசியோடு உட்கார்ந்தால் முதல் கிளாஸ் தண்ணீர்போல இறங்கிவிடும், அதன் பிறகு கணக்கு நம் கையில் இல்லை. அடுத்தது, கை காலியாக இருக்கக் கூடாது. வெறுங்கையைக் கண்டால்தான் வங்கிக்காரனுக்கு ஊற்றத் தோன்றும். எலுமிச்சை பிழிந்த சோடாவைப் பிடித்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மாதத்தில் மூன்று சனி சோடா, ஒரு சனி இரண்டு பெக். அதையும் நானே 30 மில்லி அளந்து ஊற்றிக்கொள்கிறேன்.

தெளிவாக உட்கார்ந்திருப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒன்பதரை வரை பேச்சு அமிர்தம். அதற்குமேல் ஆடிட்டர் 1989 விடுதிக் கதையை எடுக்கிறான். ஒரே இரவில் மூன்று தடவை! இத்தனை வருடமும் மூன்று தடவையும் நாம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். இப்போது இரண்டாம் தடவை தொடங்கும்போது செருப்பைத் தேடுகிறேன்.

கோபப்பட்டவன் கான்ட்ராக்டர் ஒருவன்தான். "அப்படியானால் நாங்களெல்லாம் குடிகாரர்களா?" என்று கத்தினான். பிறகு என்ன நினைத்தானோ, ஒரே நாளில் அடியோடு நிறுத்திவிட்டான். அவன் நம்மைப்போல் சனிக்கிழமைக்காரன் இல்லை மாப்பிள்ளை, தினமும் குடித்திருக்கிறான். நம்மில் ஒருவனுக்கும் தெரியவில்லை. இரண்டாம் நாள் கை நடுக்கம். மூன்றாம் நாள் அறையில் இல்லாத ஆட்களோடு பேசியிருக்கிறான். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தினமும் குடிக்கிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். முப்பது வருடம் எதிரில் உட்கார்ந்து அவன் கிளாஸைப் பார்த்த எங்களுக்கு அவனைப் பார்க்கத் தெரியவில்லை.

இப்போது தேறிவிட்டான். கொஞ்சம் இளைத்திருக்கிறான். அவன் வருகிற சனிக்கிழமைகளில் பாட்டில் கிடையாது. தெப்பக்குளத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கிறோம். சர்க்கரை வியாதிக்கார ஆடிட்டர் ஆளுக்கு ஒரு வாய் பிடுங்கி, ஒரு முழு ஜிகர்தண்டாவைக் கணக்கில் வராமல் முடித்துவிடுகிறான்.

நீ வந்து இறங்கும் முதல் சனிக்கிழமை கான்ட்ராக்டரும் இருப்பான். அன்றைக்குப் பாட்டில் பெட்டியிலேயே இருக்கட்டும். மிச்சமாகும் இடத்தில் அவனுக்குப் பேரீச்சம்பழம் வாங்கி வா. அம்மா இரண்டு பாட்டில் கேட்டிருக்கிறாள். கோடாலித் தைலம்தான், மறந்துவிடாதே.

உன்,
மாப்பிள்ளை