ஹோட்டன் சமவெளிப் பயணம்: ஒரு முறைப்பாடு

கிளிநொச்சி

முகாமையாளருக்கு,

வணக்கம். கடந்த மாதம் 15ஆம் திகதி ஹோட்டன் சமவெளி பார்க்க உங்கள் வானில் வந்த ஒன்பது பேரும் என் குடும்பத்தார். ஆளுக்கு 9,500 ரூபா, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன்.

"காலை 6 மணிக்குப் பூங்கா வாசலில்" என்று உங்கள் துண்டுப்பிரசுரத்தில் இருந்தது. நான் காசு கட்டியதே அந்த ஒரு வரிக்காகத்தான். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் 'உலக முடிவு' என்கிற மலை விளிம்பில் பனிமூட்டம் ஏறிவிடும், பிறகு போய்ப் பிரயோசனமில்லை. ஒருதடவை போய்வந்தவருக்கே இது தெரியும். அடிக்கடி ஆள் ஏற்றிப் போகிற உங்களுக்குத் தெரியாதா?

முதல்நாள் மாலை ஏழுக்குப் புறப்பட்ட வான் கண்டியில் இரண்டு மணித்தியாலம் சுணங்கியது. அதை விடுவோம், இரவு முழுக்க ஓடுகிற மனுசன் கொஞ்சம் கண்ணயர்ந்தால் எங்களுக்குத்தான் நல்லது. ஆனால் நுவரெலியாவில் ஒரு தேயிலைக் கடை திறக்கும்வரை, காலை எட்டு மணிவரைக்கும் காக்க வைத்தது எதற்கு? நாங்கள் ஒரு பக்கற்றும் வாங்கவில்லை. சாரதிதான் பின்பக்கத்தால் போய் ஒரு பையோடு வந்தார்.

வாசலை அடைந்தபோது 9.50. நுழைவுக் கட்டணமும் அடக்கம் என்றீர்கள். அங்கே எங்களிடமே காசு சேர்த்தார்கள். உள்ளே பொலித்தீன் விடமாட்டார்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. காவலர் பிள்ளைகளின் பிஸ்கட்டைக் கடதாசிப் பையில் கொட்டி, தண்ணீர்ப் போத்தலில் இருந்த லேபலையும் உரித்தெடுத்தார். அவர் செய்தது சரிதான். பொலித்தீன் லஞ்ச் சீற்றில் கட்டிய புளிச்சாதத்தை வானில் விட்டுவிட்டு வெறும் வயிற்றோடு நடந்தோம்.

அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வருத்தம். எங்கள் பக்கத்தில் ஏறிப் பார்க்கிற உயரமென்றால் இரணைமடுக் குளக்கட்டுத்தான். கிட்டத்தட்ட 870 மீற்றர் கீழே விழுகிற அந்த மலை விளிம்பை ஒருக்கால் பார்க்கவேண்டும் என்று அவ ஆசைப்பட்டதால்தான் இந்தப் பயணமே. நாலு கிலோமீற்றரை இருந்து இருந்து நடந்து, பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். எதிரே வெள்ளைச் சீலை கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. நாற்பது நிமிடம் நின்றும் விலகவில்லை. "இதிலை என்னடா முடியுது?" என்று அம்மா கேட்டா.

பேக்கர் நீர்வீழ்ச்சி பார்த்தோம். வாகனத் தரிப்பிடத்தில் மரையொன்று பிள்ளைகளுக்குக் கிட்ட வந்து நின்றது. அதெல்லாம் நல்லதுதான், ஆனால் அதில் உங்கள் பங்கு எதுவுமில்லை.

நுழைவுக் கட்டணத்தை முழுதாகவும், பயணக் கட்டணத்தில் பாதியையும் திருப்பித் தாருங்கள். பற்றுச்சீட்டு, நுழைவுச்சீட்டுப் பிரதிகளை இணைத்திருக்கிறேன். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவேன். அப்புறம், அடுத்த துண்டுப்பிரசுரத்தில் தேயிலைக் கடையையும் ஒரு பார்வையிடமாகப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்