அரைத்தவணை விடுமுறையில் பாரிஸ், கொலோன், பிரசல்ஸ்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் இலண்டன் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியில் எட்டாம் ஆண்டு முதல் பத்தாம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகளை, வரும் ஒக்டோபர் அரைத்தவணை விடுமுறையில் திங்கள் முதல் வெள்ளி வரை, பாரிஸ், கொலோன், பிரசல்ஸ் ஆகிய மூன்று நகரங்களுக்குத் தொடருந்தில் அழைத்துச் செல்ல ஆசிரியர் குழு முடிவு செய்துள்ளது. சென்ற கூட்டத்தில் இதை அறிவித்தபோது, இவ்வளவு தூரம் போகும்போது அம்ஸ்டர்டாமையும் சூரிச்சையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று உங்களில் பலர் கேட்டீர்கள். செலவு செய்து அனுப்பும் பெற்றோர் அப்படிக் கேட்பது இயல்பே. இருந்தும் நான் இணங்கவில்லை. அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வரைபடத்தில் பார்த்தால் இந்த நகரங்கள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு நகரத்தை விட்டு இன்னொரு நகரத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும், பைகளை அடுக்கி, அறையை ஒப்படைத்து, நிலையத்துக்கு வந்து, இறங்கிய ஊரில் மீண்டும் விடுதியைத் தேடிச் சேர்வதற்குள் அரை நாள் போய்விடுகிறது. பாரிசிலிருந்து சூரிச்சுக்கு வண்டியில் மட்டுமே நான்கு மணி நேரம் வேண்டும். ஐந்து நாளில் ஐந்து நகரம் என்றால் பிள்ளைகள் பார்த்து வருவது நிலையங்களையும் விடுதி வாசல்களையும்தான். சில ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு குழுவுடன் சென்றபோது, ஒன்பது நிமிடத்தில் வண்டி மாறும்படி பயணத்தை வகுத்திருந்தேன். முதல் வண்டி சற்றே தாமதமானது, அடுத்ததைத் தவறவிட்டோம், பதினான்கு பிள்ளைகளும் குளிரில் இரண்டு மணி நேரம் மேடையில் காத்திருந்தார்கள். அன்று தொடக்கம், பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பயணத்தில் வண்டி மாற ஒரு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி வைப்பது என்று தீர்மானித்துக்கொண்டேன். இந்த முறை நகரத்திலிருந்து நகரத்துக்குப் போகும் நான்கு பயணங்களும் நேர் வண்டிகளிலேயே அமைந்துள்ளன.

விமானத்தில் போனால் மலிவாக முடியுமே என்றும் சிலர் கேட்டீர்கள். மொழி கற்பிக்கும் பள்ளி இது என்பதே என் விடை. புதன்கிழமை பாரிசிலிருந்து கொலோனுக்குப் போகும் வண்டி ஏறக்குறைய மூன்று மணி இருபது நிமிடத்தில் பிரான்சையும் பெல்ஜியத்தையும் கடந்து ஜெர்மனிக்குள் செல்கிறது. வழியில் நிற்கும் ஓர் ஊரைப் பிரெஞ்சு பேசுவோர் லியேஜ் என்கிறார்கள், டச்சு பேசுவோர் லோய்க் என்கிறார்கள், ஜெர்மானியர் லுட்டிஷ் என்கிறார்கள். அந்த ஊர் இருக்கும் பெல்ஜியத்தில் இம்மூன்று மொழிகளும் ஆட்சிமொழிகள். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் இன்னொரு மொழியும் பேசி வளரும் நம் பிள்ளைகள், அறிவிப்பில் மொழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதையும், பெயர்ப்பலகைகள் மாறிக்கொண்டே போவதையும் இருக்கையில் இருந்தபடியே கேட்கவும் பார்க்கவும் வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். மேலே பறந்து போகிறவருக்கு இது கிடைக்காது. ஒவ்வொரு பிள்ளையும் அன்று கேட்ட, கண்ட ஊர்ப் பெயர்களைத் தமிழில் ஒலிபெயர்த்து எழுதி வர வேண்டும்.

திங்கட்கிழமை காலை சென் பாங்கிராஸ் நிலையத்தில் யூரோஸ்டார் அதிவேகத் தொடருந்தில் ஏறுகிறோம். பிரித்தானியாவையும் பிரான்சையும் இணைக்கும் சுரங்கம் 1994-இல் திறக்கப்பட்டது. அதன் ஐம்பது கிலோமீற்றர் நீளத்தில் சுமார் 38 கிலோமீற்றர் கடலுக்கு அடியில் இருக்கிறது. பாரிசில் எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பதை அருங்காட்சியகங்களின் விடுமுறை நாட்களே தீர்மானித்தன. லூவரும், ஆசியக் கலைப் பொருட்கள் உள்ள கீமே அருங்காட்சியகமும் செவ்வாயில் மூடியிருக்கும். ஓர்சே திங்களில் மூடியிருக்கும். ஆகவே திங்கள் பிற்பகல் கீமேக்குச் சென்று சோழர் காலத்து நடராசர் வெண்கலச் சிலையைப் பார்க்கிறோம். செவ்வாயன்று ஓர்சே. அது 1900-இல் தொடருந்து நிலையமாகத் திறக்கப்பட்ட கட்டடம். வண்டிகள் நீண்டுவிட்டதால் அதன் மேடைகள் போதாமல் போயின, பின்னர் 1986-இல் அருங்காட்சியகமாயிற்று. அன்று மாலை, நாம் வந்திறங்கும் வடக்கு நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியில் இரவு உணவு. அங்கு பிள்ளைகள் தமிழில் பேசித்தான் உணவு வாங்க வேண்டும் என்பது ஆசிரியர்களின் நிபந்தனை.

கொலோனில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பேராலயம் எதிரே நிற்கும். 1248-இல் தொடங்கிய அதன் கட்டுமானம் 1880-இல்தான் முடிந்தது. உயரம் 157 மீற்றர். தெற்குக் கோபுரத்தில் 533 படிகள் உள்ளன. மூச்சுத்திணறல் உள்ள பிள்ளைகள் ஏற வேண்டாம், அவர்களோடு ஓர் ஆசிரியர் கீழே இருப்பார். வியாழக்கிழமை ஒரு நாள் பயணமாக ஹம் நகருக்குச் சென்று, 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தைப் பார்க்கிறோம். ஜெர்மனிக்கு ஏதிலிகளாக வந்த ஈழத்தமிழர் தொழிற்பேட்டை ஒன்றின் நடுவே 17 மீற்றர் உயர இராசகோபுரத்துடன் எழுப்பிய கோயில் அது. வழிபடுவதும் வழிபடாமல் இருப்பதும் அவரவர் குடும்பத்தின் விருப்பம். கிறித்தவ, இசுலாமியப் பிள்ளைகளை யாரும் எதற்கும் வற்புறுத்தமாட்டார்கள்.

வெள்ளியன்று பிரசல்ஸ். பைகளை நிலையத்துப் பெட்டகங்களில் வைத்துவிட்டு நகரச் சதுக்கத்தைப் பார்த்து, மாலை வண்டியில் திரும்புகிறோம். அந்த நிலையத்துக்குப் பிரெஞ்சில் மிடி என்றும் டச்சில் சாயிட் என்றும் பெயர். இரண்டும் ஒரே இடம்தான். மத்திய நிலையம் வேறு. குழுவைப் பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதற்காக இதை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிவைக்கிறோம், நீங்களும் சொல்லுங்கள்.

ஒரு மாதத்துக்குள் குறிப்பிட்ட சில நாட்கள் பயணம் செய்ய உதவும் இன்டர்ரெயில் அட்டையை வாங்கலாமா என்றும் ஆராய்ந்தோம். நம் நெடும்பயணங்கள் நான்கும் யூரோஸ்டாரில் அமைகின்றன. அட்டை இருந்தாலும் அதில் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அட்டைதாரருக்கான இருக்கைகளும் மட்டுப்பட்டவை. எனவே குழுச்சீட்டே ஏற்றது. சீட்டின் விலை நாட்செல்ல ஏறும் என்பதால் முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

என்னை மிகவும் கவலைக்குள்ளாக்குவது கடவுச்சீட்டு. பிரித்தானியக் கடவுச்சீட்டு பயண நாளில் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். பிள்ளைகளின் கடவுச்சீட்டு ஐந்து ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. அது காலாவதியானதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடித்த குடும்பங்களை நான் அறிவேன். தயவுசெய்து இன்றே எடுத்துப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய எல்லைப் பதிவு முறை 2025 ஒக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்துள்ளதால், 12 வயதைக் கடந்த நம் பிள்ளைகளிடம் படமும் விரலடையாளமும் எடுக்கப்படலாம். பிரெஞ்சுச் சோதனை சென் பாங்கிராசிலேயே நடப்பதால் வண்டி புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கே கூடுகிறோம்.

இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு உள்ள பிள்ளைகளுக்கு, இம்மூன்று நாடுகளுக்கும் பொதுவான செங்கன் விசா வேண்டும். பிரான்சிலும் ஜெர்மனியிலும் சம இரவுகள் தங்குவதால், முதலில் நுழையும் பிரான்சிடமே விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் ஏற்கப்படும்; முடிவுக்கு வழமையாக 15 நாட்களும் சில வேளை 45 நாட்களும் ஆகலாம். பயணத் திட்டத்தையும் தங்குமிடச் சான்றையும் பள்ளி தரும். அகதிப் பயண ஆவணம் உள்ளவர்களும், நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் நாட்டுக் கடவுச்சீட்டுடன் இலண்டனுக்குக் குடிவந்தவர்களும் என்னிடம் தனியே பேசுங்கள். திரும்பி வரும்போது காட்ட வேண்டியவற்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சரிபார்ப்பேன். ஆவணச் சிக்கலால் ஒரு பிள்ளையும் பின்தங்கிவிடக் கூடாது.

இணைத்துள்ள படிவத்தில் உடல்நலம், ஒவ்வாமை, உணவு ஆகியவற்றை மறைக்காமல் எழுதி, பெற்றோர் இருவரும் ஒப்பமிட்டு, கடவுச்சீட்டின் படியுடன் ஜூலை முதல் சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். ஐரோப்பாவில் அரச மருத்துவமனைகளில் பயன்படும் இலவச ஜி.எச்.ஐ.சி. அட்டைக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். பை ஒன்று போதும். அதைப் பிள்ளை தானே படியேற்றித் தூக்கக்கூடியதாக இருக்கட்டும். கட்டணம் செலுத்துவது கடினமாக உள்ள குடும்பங்கள் எனக்கு ஒரு வரி எழுதினால் போதும். அது எனக்குள்ளேயே இருக்கும். சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்த பின் ஒரு மணி நேரம் அலுவலகத்தில் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்