சனி ஆட்டம்: ரீபை விதிகள்

எல்லாருக்கும் வணக்கம். சனி பின்னேரம் 6 மணிக்கு, உவர்மலையில் எங்கள் வீட்டில் போக்கர். நுழைவு 500 ரூபா, அதற்கு 5000 சிப்ஸ் (பந்தயம் கட்டும் வில்லைகள்). ரீபையும், அதாவது சிப்ஸ் தீர்ந்தவர் திரும்பக் காசு கட்டி வாங்குவதும், அதே கணக்குத்தான். அந்தக் காசு முழுக்கப் பரிசுத் தொகையில் சேரும்.

ஒருவருக்கு இரண்டு ரீபை மட்டும். முதல் நான்கு லெவலுக்குள் (கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டு போகும் ஆட்டக் கட்டங்கள்), கையில் ஒரு சிப்ஸும் இல்லாத நிலையில்தான். லெவலுக்கு 20 நிமிடம், ஆக 80 நிமிடத்தில் ரீபையை மூடிவிடுவோம். மணி அடிக்கும்போது சீட்டுப் போட்டாயிற்று என்றால், அந்தச் சுற்றில் தோற்றவருக்கும் ரீபை உண்டு. போன தடவை இதில்தான் வாக்குவாதம். ஒருவர் சாப்பிடாமலே எழும்பிப் போய்விட்டார். எனக்கு இன்னும் மனவருத்தம்.

காசு மேசைக்கு வந்த பிறகே சிப்ஸ், கடன் வேண்டாம். அப்புறம், இடைவேளையில் இடியப்பமும் சொதியும் இருக்கும். விதியில் மாற்றம் வேண்டுமென்றால் வெள்ளி இரவுக்குள் இங்கேயே சொல்லுங்கள்.