சைடு வீல் கிட்டில் நடுச் சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது: மாற்றித் தரவும், இல்லையேல் பணத்தைத் திருப்பவும்

அனுப்புநர்
வாடிக்கையாளர்,
வில்லாபுரம், மதுரை.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: 110 சிசி ஸ்கூட்டரில் உங்கள் ஃபிட்டர் பொருத்திய சைடு வீல் கிட்டின் குறைபாடு மற்றும் பொருத்துச் சான்று தராமல் இழுத்தடிப்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடையில் சொன்னால் "ஹெட் ஆபீஸ்ல பேசுங்க" என்கிறார்கள். ஹெட் ஆபீஸில் பேசினால் "டீலர்கிட்டயே முடிச்சுக்குங்க" என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுக்கு இரண்டு நீலக் குறி விழுந்ததோடு சரி. அதனால் எழுத்தில் தருகிறேன். பதிலும் எழுத்தில்தான் வேண்டும்.

குறை இதுதான். வண்டி சாயாமல் இருக்கப் பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரம் வைப்பதுதான் இந்தக் கிட். அந்தப் பக்கச் சக்கரங்களைத் தாங்கும் இரண்டு கை இரும்பும் நேராகச் சேசிஸில் போல்ட் போடப்பட்டிருக்கிறது. பக்கச் சக்கரங்களுக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. ஷாக் இருப்பது வண்டியோடு வந்த பின் சக்கரத்துக்கு, அதாவது இப்போது நடுவில் நிற்கும் சக்கரத்துக்கு மட்டும். ஆள் உட்கார்ந்ததும் சேசிஸ் இறங்குகிறது, அதோடு சேர்ந்து பக்கச் சக்கரம் இரண்டும் இறங்கித் தரையில் ஊன்றிக்கொள்கிறது. எடை அங்கே போய்விடுகிறது. இன்ஜின் சுற்றுகிற, பிரேக் பிடிக்கிற நடுச் சக்கரம் பேருக்குத் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இது உங்கள் டிசைன் பிரிவுக்குத் தெரியாத சங்கதி அல்ல. தெரியாது என்றால் ஒரு கேலண்டர் அட்டை போதும்: நடு டயரை அட்டையின் மேல் ஏற்றி நிறுத்தி, 70 கிலோ ஆளை உட்காரவைத்து, அட்டையை இழுத்துப் பாருங்கள். எடை சரியாக இறங்கியிருந்தால் அட்டை கிழியுமே தவிர வராது. என் வண்டியில் உருவிக்கொண்டு வருகிறது.

இது சமதளத்தில். மதுரைத் தெருவில் சமதளம் எங்கே இருக்கிறது? குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டி, மண்ணைப் போட்டு மூடி, அது ஒரு அடி அகலத்துக்கு வாய்க்கால் போல உள்வாங்கிக் கிடக்கும் தெருக்கள் எத்தனை! நடுச் சக்கரம் அதற்குள் இறங்கினால் பக்கச் சக்கரம் இரண்டும் இரண்டு கரையிலும் நின்று வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்கின்றன. ஆக்சிலேட்டரைத் திருகினால் சக்கரம் காற்றில் சுற்றுகிறது, வண்டி நகர்வதில்லை. பின்னால் வருகிற ஷேர் ஆட்டோ ஹாரனை விடுவதில்லை. வேகத்தடையிலும் இதே கதை. பக்கச் சக்கரத்தின் அச்சு நடு அச்சுக்கு நேராக இல்லாமல் ஆறு அங்குலம் பின்னால் இருக்கிறது. அதனால் நடுச் சக்கரம் மேட்டைத் தாண்டி இறங்குகிற நேரத்தில் பக்கச் சக்கரங்கள் மேட்டின் உச்சியில் நிற்கின்றன. வண்டி இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்காது, அதைவிட முக்கியமாக, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

பிரேக்கைத் தனியாகச் சொல்கிறேன். இந்த ரக ஸ்கூட்டர்களில் இடது லிவரைப் பிடித்தால் பின் டிரம் பிரேக்கும் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். 125 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து அப்படித்தான் வருகிறது. பின் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது அந்த லிவரில் மிஞ்சுவது முன் பிரேக் மட்டும். உங்கள் பக்கச் சக்கரத்தில் டிரம்மும் இல்லை, ஷூவும் இல்லை, வெறும் ஹப்பும் பேரிங்கும்தான். கூடவே கிட்டின் இரும்பு எடை வேறு. மழை பெய்த பின் தெற்குவாசல் பாலத்து இறக்கத்தில் இப்படி ஒரு வண்டியைக் கொடுத்து உங்கள் வீட்டுப் பெரியவரை அனுப்புவீர்களா?

இதைச் சொல்லத்தான் உங்கள் சேவை எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் பாதியிலேயே மறித்து, "அது ரைடிங் ஹேபிட் சார். ரெண்டு வீலு ஓட்டி பழகிட்டு இதுல உக்காந்தா அப்படித்தான் இருக்கும். பயமா இருந்தா ஆட்டோல போங்க, வயசான காலத்துல எதுக்கு ரிஸ்க்கு" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். மறுபடி பேசினால் அவரே எடுக்கிறார்! "அதான் சொன்னேன்ல" என்கிறார். உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று உங்கள் குரல்தான் முதலில் சொல்கிறது. தயவுசெய்து அந்தப் பதிவை நீங்களே ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

பழக்கம் எது, பழுது எது என்று அவருக்கு யாராவது பிரித்துச் சொல்ல வேண்டும். சைடு வீல் போட்ட வண்டி சாயாது. ஆகவே உடம்பைச் சாய்த்துத் திருப்புகிற பழக்கத்தை விட்டு, போக வேண்டிய பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்பித்தான் ஓட்ட வேண்டும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், உடம்பு வெளியே தள்ளும்போது உள்பக்கம் சாய்ந்துகொள்ள வேண்டும். நிறுத்தும்போது காலைத் தரையில் ஊன்றக் கூடாது, பக்கச் சக்கரம் பாதத்தில் ஏறும். சாலை ஓரம் சரிந்திருந்தால் வண்டியும் அந்தப் பக்கம் இழுக்கும். வண்டியின் அகலத்தை நினைவில் வைக்க வேண்டும். இவ்வளவும் பழக்கம், ஒப்புக்கொள்கிறேன், இவை ஓட்ட ஓட்ட வரும். கேலண்டர் அட்டை உருவிக்கொண்டு வருவது எந்தப் பழக்கத்தில் சரியாகும்?

டயரும் அப்படித்தான். இரண்டு பக்க டயருக்கும் இடையே அச்சு உயரத்தில் டேப் பிடித்து அளந்தால் முன்பக்கம் 828 மி.மீ., பின்பக்கம் 841 மி.மீ. பதின்மூன்று மி.மீ. உள்நோக்கித் திரும்பி நிற்கிறது. ஒன்றிரண்டு மி.மீ. என்றால் பேசாமல் இருந்திருப்பேன். இந்த நிலையில் சக்கரம் உருளாது, தேய்த்துக்கொண்டுதான் வரும். டயரின் வெளி ஓரத்தில் கையை வைத்துத் தடவினால் அரம் போலச் சொரசொரக்கிறது, இடது டயரில் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் கேன்வாஸே தெரிகிறது. கை இரும்பில் துளை நீளவாக்கில் இல்லாமல் வட்டமாக இருப்பதால் திருத்தவும் வழியில்லை. வலதுபுற யு-கிளாம்ப்பை வெல்டிங் பிடித்த இடத்தில் முடி போல ஒரு கோடு ஓடுகிறது. துடைத்துவிட்டால் மறுநாள் அதே கோட்டிலிருந்து துருத் தண்ணீர் கசிந்து பெயின்டில் வழிந்திருக்கிறது. அது கீறல் இல்லை, விரிசல். நட்டுகள் சாதா நட்டு, அதிர்வில் கழலாத நைலாக் நட்டு கூட இல்லை. அதிர்விலேயே கழன்றுவிடுகின்றன.

இவ்வளவுக்கும் கடையில் கேட்காமல் வாங்கவில்லை. இடது காலில் பலமில்லை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது, ஸ்கூட்டரை நிறுத்தும்போது தாங்க முடியாது என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். உங்களிடமே மூன்று வகை இருந்தன. ஒன்று இந்த விறைப்பான கை இரும்பு. இரண்டாவது, கை கீலில் ஆடி, தனி ஷாக்கோடு வருவது. மூன்றாவது, பின் சக்கரத்தையே எடுத்துவிட்டு ஸ்ப்ராக்கெட், செயின் போட்டு இரண்டு சக்கர ஆக்சிலைச் சுற்றுகிற முழு டிரைக். அந்த ஆக்சிலில் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு சக்கரத்தையும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு, இருக்கிறதா என்று கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார். சிரிக்க என்ன இருக்கிறது? டிஃபரன்ஷியல் இல்லாவிட்டால் இரண்டு சக்கரமும் ஒரே சுற்றுச் சுற்றும், திருப்பத்தில் உள் சக்கரம் தரையைத் தேய்க்கும், வண்டி திரும்ப மாட்டேன் என்று நேரே போகும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் இழுவை கொடுத்தால் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் ஒரு பக்கம் இழுக்கும். முன்னால் இரண்டு சக்கரம் வைத்துச் சாய்ந்து திரும்புகிற வண்டியைப் பியாஜியோ 2006-லேயே எம்.பி.3 என்று வெளிநாட்டில் விற்றது. அதையெல்லாம் நான் கேட்கவில்லை. தரையைத் தொடுகிற பின் சக்கரம்தான் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார், இது ஃபாஸ்ட் மூவிங்" என்று இதைத் தலையில் கட்டினார்கள்.

அடுத்து உங்கள் கப்பலூர் பட்டறை. "வண்டியைப் பட்டறைக்குக் கொண்டாங்க, ஃபிட்டர் இருப்பாரு, அரை மணி நேர வேலை" என்று உங்கள் அலுவலகத்திலிருந்துதான் சொன்னார்கள். பிரேக் சரியில்லை என்று புகார் கொடுத்த வண்டியை, ரிங் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு வரச் சொன்னதே முதல் தவறு. வந்து பார்த்தால் ஷட்டர் பாதி இறக்கியிருக்கிறது, காவலாளி மட்டும் இருக்கிறார். "ஃபிட்டரு தேனிக்குப் போயிட்டாருங்கய்யா, உங்களுக்குச் சொல்லலையா?" என்றார். அந்த வெயிலில் தண்ணீர் கொடுத்தவர் அவர் ஒருவர்தான், அவர் மேல் எந்தப் புகாரும் இல்லை. திரும்பும் வழியில் நட்டு கழன்று சாலை ஓரத்தில் நிற்க வேண்டியதாயிற்று. ஆட்டோவில்தான் வீடு வந்தேன். உங்கள் சேவை எண்ணில் பேசியவருக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

காகிதம் இன்னொரு தலைவலி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி வண்டியை இப்படி மாற்றினால் 14 நாளுக்குள் பதிவு அலுவலருக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். ஆர்.சி.யில் பதிந்தால்தான் காப்பீட்டில் நம் வண்டிக்கே வரும் சேதத்துக்கான பிரீமியத்தில் மாற்றுத்திறனாளிச் சலுகையும் கேட்க முடியும். பதியாமல் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும். இதற்கெல்லாம் ஆதாரம் உங்கள் பொருத்துச் சான்றும் கிட்டின் வரிசை எண் போட்ட பில்லும். பில்லில் "ஆக்சசரீஸ்" என்று ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், சான்று இன்றுவரை வரவில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காகிதம் கேட்டது நியாயம். என்னிடம் காட்ட ஒன்றுமில்லை.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப் பகை எதுவும் கிடையாது. பவுடர் கோட்டிங் நன்றாகவே இருக்கிறது, பேரிங்கிலும் சத்தமில்லை. ஆகவே இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். தனி ஷாக்கும் பிரேக்கும் உள்ள கை இரும்பு, அல்லது டிஃபரன்ஷியலோடு முழு ஆக்சில், எது என் சேசிஸுக்குப் பொருந்துமோ அதை உங்கள் ஆள் வில்லாபுரத்துக்கு வந்து பொருத்தி, கேலண்டர் அட்டைச் சோதனையை என் கண் முன் செய்து காட்டி, சான்றும் திருத்திய பில்லும் தர வேண்டும். வித்தியாசத் தொகை நியாயமாக இருந்தால் கட்டத் தயார். முடியாது என்றால் கிட்டைக் கழற்றி, போல்ட் போட்ட இடங்களைப் பழையபடி சரிசெய்து, கூலி உட்படக் கொடுத்த ரூ. 19,800-ஐத் திருப்ப வேண்டும்.

பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குப் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறையுள்ள பொருளால் வரும் பாதிப்புக்குத் தயாரித்தவரும் விற்றவரும் ஏற்க வேண்டிய பொறுப்புக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. அப்போது கேட்பது ரூ. 19,800 ஆக இருக்காது. டயர், ஆட்டோ வாடகை, அலைச்சல், கெட்டுப்போன வேலைகள், மன உளைச்சல் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் கேட்பேன். இந்தக் கிட்டால் என் அன்றாடமே நின்றுபோயிருக்கிறது, அதற்கு அது குறைவுதான். தேவைப்பட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போகத் தயங்க மாட்டேன். அந்த நிலை வராது என்றே நம்புகிறேன்.

இணைப்பு: பில் நகல், டேப் வைத்து அளந்த படங்கள், விரிசல் விழுந்த வெல்டிங்கின் படம், அட்டையை உருவும் காணொளி அடங்கிய பென் டிரைவ்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: ஆள் அனுப்பும்போது 14, 17 ஸ்பேனரோடு ஜாக்கியும் கொண்டுவரச் சொல்லுங்கள். தெரு குறுகல், வேன் உள்ளே வராது. வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள், ஆனால் அந்தச் சேவை எண்ணிலிருந்து வேண்டாம்.