மருந்தை எந்த நிமிடத்தில் சேர்த்தாய்?

அன்பு மகளுக்கு,

ரிஃபாம்பிசின் சேர்த்த பிறகும் பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸான டி7 ஃபேஜின் டிஎன்ஏ பெருகிக்கொண்டே போகிறது, மருந்து வீரியம் இழந்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். மருந்தைச் சந்தேகப்படுவதற்கு முன், அதை எந்த நிமிடத்தில் சேர்த்தாய் என்று குறிப்பேட்டைப் பார்.

ரிஃபாம்பிசின் பிடிப்பது ஈ. கோலை பாக்டீரியாவின் ஆர்என்ஏ பாலிமரேசை, அதாவது மரபணுவைப் படித்து ஆர்என்ஏ எழுதும் நொதியை. டிஎன்ஏ நகலெடுப்பை அது நேரே தொடுவதில்லை. டி7 உள்ளே நுழைந்ததும் தன் முதல் மரபணுக்களைப் படிக்க அந்தப் பாலிமரேசைத்தான் கடன் வாங்குகிறது. அந்த மரபணுக்களில் ஒன்று டி7-இன் சொந்த ஆர்என்ஏ பாலிமரேசுக்கானது. அது உருவாகிவிட்டால் ரிஃபாம்பிசின் அதை ஒன்றும் செய்யாது. தொற்றுக்கு முன்பே மருந்து இருந்தால் எல்லாம் நின்றுபோகும். 30 டிகிரியில் பத்து நிமிடம் கழித்துச் சேர்த்தால் வைரஸ் தன் வேலையைத் தொடரும். டி4 என்ற இன்னொரு ஃபேஜ் அப்படியில்லை. கடைசிவரை பாக்டீரியாவின் பாலிமரேசையே தனக்கேற்ப மாற்றி ஓட்டுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அளவு மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் இருக்கட்டும், ஈ. கோலையின் வெளிச்சவ்வு இந்த மருந்தை எளிதில் உள்ளே விடாது. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து வெளிச்சம் படாமல் வை. மருந்தில்லாத குடுவைக்கும் அதே அளவு டிஎம்எஸ்ஓ ஊற்று. ஆர்பிஓபி என்ற பாலிமரேஸ் மரபணு மாறியதால் ரிஃபாம்பிசினுக்கு மசியாத ஈ. கோலை பிறழ்வு வகை ஒன்றும் கூடவே ஓடட்டும்.

ஒரு செல்லுக்கு 5 ஃபேஜ் என்று கணக்கிடு. ஒன்று மட்டும் என்றால் ஏறக்குறைய 37 சதவீத செல்கள் தொற்றாமல் தப்பிவிடும். அவை பிறகு மெதுவாகத் தொற்றும்போது உன் நிமிடக் கணக்கே குழம்பிப்போகும். டிஎன்ஏ அளவைக் கணக்கிடும் க்யூபிசிஆரில் நீ ஊற்றிய ஃபேஜின் டிஎன்ஏவும் எண்ணப்படும், ஆகவே பூஜ்ய நிமிட மாதிரியைக் கழித்துவிடு. பிளேக்குகளை, அதாவது ஃபேஜ் பாக்டீரியாவை அழித்துத் தட்டில் விடும் தெளிந்த புள்ளிகளை, எண்ணும்போது குறைந்தது நூறு மடங்கு நீர்க்கச் செய். இல்லாவிட்டால் ஒட்டி வரும் மருந்து தட்டில் பாக்டீரியாப் படலத்தையே வளரவிடாது.

அடுத்து நாலிடிக்சிக் அமிலம் என்ற மருந்தைச் சொன்னாய். அது டிஎன்ஏவின் முறுக்கைச் சரிசெய்யும் கைரேஸ் நொதியைத் தாக்கும், டி7 வளர்ச்சியும் நிற்கும். அதை வைத்து 'டி7-க்குக் கைரேஸ் தேவை' என்று எழுதிவிடாதே, கண்ணம்மா. 1979-இல் குரோய்சர், கொசரெல்லி என்ற ஆய்வாளர்கள் காட்டியது வேறு: வெப்பத்தில் கைரேஸ் செயலிழக்கும் ஈ. கோலை பிறழ்வு வகையிலும் டி7 வளர்ந்தது. கைரேஸ் இல்லாமை அல்ல, மருந்தோடு சேர்ந்து டிஎன்ஏ மேல் சிக்கி நிற்கும் கைரேஸே நஞ்சு. உன் ஆய்வகத்தில் அந்த வகை இருந்தால், மருந்து சேர்க்காமல் உயர் வெப்பத்தில் ஒரு குடுவை வைத்துப் பார்த்துவிட்டு முடிவை எழுது.

அன்புடன்,
அப்பா